மாமியார் வாரம்

எங்கள் வேனில் பாட்டு சும்மா ஓடாது. வாரத்துக்கு ஒரு பொருள் உண்டு. மழை என்று வைத்துவிட்டால் அந்த வாரம் ஓடுகிற அத்தனை பாட்டிலும் மழை பெய்தாக வேண்டும். வளையல் என்றால் வளையல் குலுங்கியாக வேண்டும். ஆளுக்கு ஒரு பாட்டு. அதுவும் ஊருக்குப் பிடித்த பாட்டு கூடாது, தனக்குப் பிடித்த பாட்டாக இருக்க வேண்டும். பொருளை விட்டு விலகிய பாட்டை அனுப்பியவள் அந்த வாரம் முழுக்கப் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கிற சீட்டில் உட்கார வேண்டும். அதில் உட்கார்ந்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் உச்சந்தலை கூரையைத் தொட்டுவிட்டு வரும்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் அப்படி என்ன தூரம் என்று கேட்பீர்கள். பெரிய தூரம் இல்லைதான். ஆனால் விடிவதற்குள் எழுந்து, சோறு பொங்கி, டிபன் கட்டி, வீட்டில் உள்ளவர்களைக் கிளப்பிவிட்டு, தேரடிக்கு ஓடிவந்து வேனைப் பிடிக்கிற பெண்களுக்கு அந்த அரை மணி நேரம்தான் ஒரு நாளில் சொந்தமாகக் கிடைக்கிற நேரம். கம்பெனிக்குள் போய்விட்டால் பேண்டேஜ் துணி சுருட்டுகிற மெஷின் சத்தத்தில் பாட்டாவது, பேச்சாவது! அதனால் அந்த அரை மணி நேரத்தில் யாராவது கை வைத்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். உனக்கு எதற்குத்தான் கோபம் வராது என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அது வேறு விஷயம்.

பொருளைத் தீர்மானிக்கும் உரிமை முன்சீட்டுக்கு. டிரைவர் பக்கத்தில் இருக்கிற அந்த ஒற்றை சீட்டில் வாரம் ஒருத்தி உட்காருவோம். உட்கார்ந்தவள் அடுத்த வாரத்துக்கு என்ன பாட்டு என்று சொல்லிவிட வேண்டும். அவரவர் பாட்டை வாட்ஸ்அப்பில் வேன் ஓட்டுகிற தம்பிக்கு அனுப்புவோம். அவர் அதையெல்லாம் ஒரு பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு வருவார். முதலில் பாட்டு ஏன் பிடிக்கும் என்று வாயால்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் யார் கேட்பது? “யக்கா, நீங்க பேசி முடிக்கதுக்குள்ள கம்பெனி வந்துருது. வாய்ஸ் அனுப்பிருங்க, பாட்டுக்கு முன்னால நானே போட்டுருதேன்” என்றார் தம்பி. அதிலிருந்து ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அதை அனுப்பியவளின் குரல் வரும். ரேடியோவில் பேசுகிற மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பார்கள் பாருங்கள், அதைக் கேட்கவே இன்னொரு ஊர் வரைக்கும் போகலாம்.

சண்டை வராத வாரம் கிடையாது. மழை வாரத்தில் பேக்கிங்கில் வேலை பார்க்கிற ஒருத்தி மேகப் பாட்டை அனுப்பிவிட்டாள்.

“மேகம்னா மழை வரப்போகுதுன்னுதானே அர்த்தம்?”

“வரப்போறது வேற, வந்தது வேற. எந்திரிச்சு பின்னால போ” என்றேன் நான்.

“ஆமா, இவிய பெரிய ஜட்ஜு!”

போனாள். ஆனால் அந்த வாரம் முழுக்க வேகத்தடை வரும்போதெல்லாம் “ஐயோ மழை! ஐயோ மழை!” என்று கத்தியே எங்கள் வயிற்றைப் புண்ணாக்கினாள். ரயில் வாரத்தில், வீட்டில் தெலுங்கு பேசுகிற அக்கா ஒரு தெலுங்குப் பாட்டை அனுப்பினார். ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் ஆரம்பத்தில் ரயில் கூவியது, நடுவிலும் கூவியது. ஏற்றுக்கொண்டோம். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் நட்சத்திரம் என்று வைத்து, கோயிலுக்குப் போகிறவளும் சர்ச்சுக்குப் போகிறவளும் ஒரே பாட்டை அனுப்பி, அது உன்னுடையதா என்னுடையதா என்று மல்லுக்கு நின்றார்கள்.

இந்த வருஷம் ஆடி கழிந்து ஒரு புதுப்பெண் வேலைக்குச் சேர்ந்தாள். வ. புதுப்பட்டியில் பிறந்து, மம்சாபுரத்துக்கு ரோடு பிரிகிற விலக்கில் வாக்கப்பட்டவள். வீடு ரோட்டைப் பார்த்தே இருக்கும். பக்கத்தில் ஒரு பஞ்சர் கடை. வேன் நேராக அவள் வீட்டு வாசலில்தான் நிற்கும். எல்லாரையும்விட வயதில் இளையவள் என்பதால் சின்னவள் என்று கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே பெயராகிவிட்டது. அதிகம் பேச மாட்டாள். ஆனால் அவள் அனுப்புகிற வாய்ஸ் மட்டும் தனி ரகம். நாங்கள் எல்லாரும் பாட்டைப் பற்றிச் சொல்வோம், ராகம் நல்லாயிருக்கும், படம் பார்த்தபோது அழுதேன் என்று. அவள் பாட்டைப் பற்றிச் சொல்லவே மாட்டாள். அதைப் பாடுகிற ஆளைப் பற்றிச் சொல்வாள். “இது எங்க அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது பாடுவாக. மாடு குடிச்சு முடிக்கவும் பாட்டு முடியவும் சரியா இருக்கும்.” அவ்வளவுதான் சொல்வாள். பொறவு பாட்டு வரும். அதைக் கேட்கும்போது எங்களுக்கு அந்த மாடு வாலை ஆட்டிக்கொண்டு நிற்பதுகூடத் தெரியும்.

புரட்டாசியில் முன்சீட்டு என்னிடம் வந்தது. என்ன பொருள் வைப்பது என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். என் மகனுக்குத் தையில் கல்யாணம். பெண் பார்த்து, பூ வைத்து, எல்லாம் முடிந்துவிட்டது. நான் மாமியாராகப் போகிறேன்! எனக்கே சிரிப்பு வந்தது. சரி, நாளைக்கு என்னைப் பற்றி என்னவெல்லாம் பாடுவார்கள் என்று இப்போதே கேட்டுவைத்துக்கொள்வோம் என்று தோன்றியது.

“அடுத்த வாரம் மாமியார் வாரம்” என்று அறிவித்தேன்.

வேனே எழுந்து ஆடியது. இத்தனை வருஷத்தில் எந்தப் பொருளுக்கும் அப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. இறங்குவதற்குள் பாதிப் பேர் பாட்டை அனுப்பிவிட்டார்கள். அந்த வாரம் ஆயுத பூஜை வந்ததால், விஜயதசமி அன்றைக்குத்தான் மாமியார் பாட்டு தொடங்கும், அதுவரை முன்சீட்டும் எனக்குத்தான் என்று தம்பி சொன்னார். அன்றைக்குக் கம்பெனியில் மறுபூஜை போட்டு மெஷினை ஓடவிடுவார்கள். வீட்டில் உள்ளவர்களைக் கூட்டிக்கொண்டு வரலாம். பொங்கல், சாப்பாடு எல்லாம் உண்டு.

பூஜை விடுமுறைக்கு முந்தின நாள், டீ குடிக்கிற நேரத்தில் சின்னவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். டம்ளரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

“யக்கா, விஜயதசமிக்கு எங்க அத்தை வாராக.”

“வரட்டுமே. நல்லாச் சாப்பிட்டுட்டுப் போகட்டும்.”

“சாப்பிட இல்லக்கா. பாக்க வாராக. வீட்டுல நான் வேலைக்குப் போகக் கூடாதுங்காவ. வேன்ல போறதும் வாறதும், சிரிப்பும் கூத்துமா இருக்காளுவளாமேன்னு பேச்சு. அத்தை வந்து பாத்துட்டுப் போன பொறவுதான் நான் திங்கக்கிழமை வருவேனா மாட்டேனான்னு முடிவு.”

“உன் வீட்டுக்காரர் என்ன சொல்லுதாரு?”

“அவுக லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிருக்காக. வீட்டுல இருந்தாலும் வாயத் தொறக்க மாட்டாக.” குனிந்துகொண்டாள். “எனக்கு இந்த வேலை வேணும்க்கா. இந்த வேனும் வேணும்.”

அவள் அப்படி எதையும் வேண்டும் என்று கேட்டு நான் கேட்டதே இல்லை. “நீ பயப்படாத, அன்னைக்கு நாங்க எல்லாரும் வாயில பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு வாரோம். உங்க அத்தை பாத்துட்டு, இது வேனா கோயிலான்னு கேக்கணும்” என்றேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய முகமும் என்னுடைய முகமும் ஒரே நேரத்தில் செத்துப்போயின.

பென்டிரைவ்!

“நீ பாட்டு அனுப்பிட்டியா?” என்றேன்.

“அனுப்பிட்டேனே.”

“நானும் அனுப்பிட்டேன். எல்லாரும் அனுப்பிட்டாளுவ. அத்தனையும் மாமியாரைக் கிழிக்கிற பாட்டு.”

“மத்தவுக பாட்டு பரவால்லக்கா. என்னுதுதான்…” என்றவள் டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம், வேறு பாட்டை ஏற்றினால் போச்சு என்று நானும் முதலில் நினைத்தேன். வேலையும் ஓயவில்லை, வீட்டிலும் பூஜை வேலை. மறுநாள் சாயங்காலம்தான் தம்பிக்குப் போன் போட முடிந்தது. அவர் அப்போதுதான் வேனைக் கழுவி, மாவிலை கட்டி, பூஜையை முடித்திருந்தார்.

“யக்கா, பூஜையில வச்சாச்சே!”

“வேனைத்தானே வச்சிருக்கீக? பென்டிரைவை உருவிட்டு வேறதை மாட்டுங்க.”

“பாட்டு செட்டுக்கும் பொட்டு வச்சாச்சுக்கா. பென்டிரைவுக்கும் வச்சாச்சு. பூஜையில வச்ச பொருள வச்சபடிக்கே மொத ஓட்டம் ஓட்டணும். நடுவுல உருவக் கூடாது.”

“சரி, செட்டைப் போடாதீக.”

“சாவியத் திருப்புனா அதுவா பாடும். வண்டி ஊமையா கெளம்பலாமாக்கா, நல்ல நாளும் அதுவுமா?”

“சத்தத்தையாவது கொறச்சு வையுங்க தம்பி!”

“அந்தத் திருகு மேலதான் சந்தனத்த அப்பிருக்கேன். காஞ்சு போச்சு. பூஜைக்குச் சாமி பாட்டுப் போட்டப்ப முழுச் சத்தத்துல வச்சிருந்தேன், அப்படியே இருக்கு” என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அவரைத் திட்டியிருப்பேன். ஆனால் எப்படித் திட்டுவது? நானும் அன்று காலையில் அரிவாள்மனைக்கும் ஆட்டுரலுக்கும் பொட்டு வைத்து, மறுநாள்வரை தொடக் கூடாது என்று வீட்டில் எல்லாருக்கும் ஹோட்டல் இட்லி வாங்கிக் கொடுத்தவள்தானே! வாயை மூடிக்கொண்டு போனை வைத்துவிட்டு, மற்றவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவைத்தேன்.

விஜயதசமி காலையில் தேரடிக்கு வேன் வந்து நின்றது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முன்கண்ணாடி மேலே செவ்வந்தி மாலை. உள்ளே செட்டின் மேல் வரிசையாகச் சந்தனம், அதன் மேல் குங்குமம். பென்டிரைவின் வாலில் ஒரு சின்னப் பொட்டு, பிள்ளைத்தாய்ச்சிக்கு வைத்த மாதிரி அவ்வளவு அழகாக! நாங்கள் ஒரு டஜன் பெண்களும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பேய் அறைந்த மாதிரி ஏறினோம். வண்டி கிளம்பியதும் செட் பாட ஆரம்பித்தது. நல்லவேளை, அவர் சாமி பாட்டு ஒன்றை முதலில் ஏற்றியிருந்தார். மம்சாபுரம் விலக்கு வரும்போது அது முடிந்துகொண்டிருந்தது.

சின்னவளும் அவள் மாமியாரும் வாசலில் நின்றார்கள். ஒல்லியான, உயரமான அம்மா. கஞ்சி போட்டுத் தேய்த்த நூல்சேலை. முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை. நான் முன்சீட்டிலிருந்து இறங்கி, “நீங்க இங்கன உக்காருங்க மதினி” என்று இடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன். உட்கார்ந்தார். உள்ளே எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கையைக் கட்டிக்கொண்டிருந்தோம்.

“எம்புட்டு நேரம் ஆகும்?” என்று தம்பியிடம் கேட்டார்.

“செத்த நேரந்தாம்மா” என்று அவர் வாயெடுக்கவும், ஸ்பீக்கர் கனைக்கவும் சரியாக இருந்தது. கனைத்தது நான்தான்.

“வணக்கம்! இது மாமியார் வாரம்!” என்று என் குரல் முழுச் சத்தத்தில் வேனை நிறைத்தது. “தையில எனக்கும் மருமக வாறா. ஏட்டி மருமகளே, நீ என்னையப் பத்தி என்ன பாடுவேன்னு எனக்குத் தெரியும். அத நான் மொதல்லயே கேட்டுக்கிடுதேன்!” அதைத் தொடர்ந்து என் பாட்டு. அதில் ஒரு மருமகள் மாமியாரின் குறட்டையைத் தவிலுக்கு ஒப்பிட்டு, பல்லவி முடிந்து நாலு கட்டுப் பாடுவாள். போன வாரம் அதை அனுப்பும்போது எனக்கு எவ்வளவு சிரிப்பு வந்தது தெரியுமா? இப்போது ஒவ்வொரு வரிக்கும் உடம்பு கூசியது. முன்சீட்டில் அந்தத் தலை அசையவே இல்லை.

அடுத்தது மேகக்காரியின் பாட்டு. அதில் மாமியார் கிணற்றுக்குள் விழுவார், மருமகள் கயிறு தேடிச் சந்தைக்குப் போவாள். அடுத்தது தெலுங்கு. நல்லவேளை புரியாது என்று மூச்சு விட்டோம். ஆனால் நடுவில் பாடகி ஒரு மாமியார் மாதிரி மூக்கால் பேசிக் காட்டுவாள், அதற்கு எந்த மொழியும் தேவையில்லை. தெலுங்கு அக்கா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்குப் பக்கத்தில் சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“உன் பாட்டு எப்ப?” என்று காதில் கேட்டேன்.

“கடைசி அனுப்புனது நான்தான்க்கா.”

அப்படியானால் தப்பித்துவிடலாம்! அதற்குள் கம்பெனி வந்துவிடும். “தம்பி, செத்த வெரசாப் போங்க, பூஜைக்கு நேரமாச்சு” என்று குரல் கொடுத்தேன். ஆனால் அன்றைக்கு எப்படி வெரசாகப் போவது? ராஜபாளையத்துக்குள் நுழைந்ததும் ரோடெல்லாம் பூசணிக்காய். பூஜை போட்ட ஒவ்வொரு கடை வாசலிலும் உடைத்துப் போட்டிருந்தார்கள். குங்குமம் கலந்து சிவப்பாகக் கிடந்ததில் முன்னால் பைக்கில் போன ஒருவர் வழுக்கி விழுந்து எழுந்து வேட்டியை உதறினார். தம்பி ஒவ்வொரு பூசணிக்காயையும் வலம் வராத குறையாக வேனை ஓட்டினார், அரை மணி நேரத்து வழி அன்றைக்கு ஒரு மணி நேரம் இழுத்தது. பஞ்சு மார்க்கெட் பக்கம் திரும்பும்போது கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டு முடிந்தது. கம்பெனிச் சுவர் தெரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நாங்கள் எல்லாரும் சீட்டிலிருந்தே வேனைத் தள்ளினோம்.

சின்னவளின் குரல் வந்துவிட்டது.

“இந்தப் பாட்டு எங்க அத்தை பாத்திரம் வெளக்கும்போது பாடுவாக” என்றது ஸ்பீக்கர். “சத்தமாப் பாட மாட்டாக. கொழாத் தண்ணிச் சத்தத்துக்குள்ள பாடுவாக. உள்ள இருந்து ஆச்சி கூப்புட்டா டக்குன்னு நிறுத்திருவாக. ஆச்சின்னா எங்க அத்தைக்கு மாமியா. அவிய திட்டி முடிச்சுட்டு உள்ள போன பொறவு, விட்ட எடத்துல இருந்து மறுபடியும் புடிப்பாக. ஒருநாளும் விட்ட எடம் தப்பாது. அதான் எனக்குப் புடிக்கும்.”

பாட்டு தொடங்கியது. பழைய பாட்டு. உரலில் குத்திக்கொண்டே ஒரு பெண் மாமியார் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணுகிற பாட்டு. உலக்கை விழுகிற இடத்தில் எல்லாம் மேளம் விழும். சின்னவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

“தம்பி, வண்டிய நிறுத்துங்க” என்றார் முன்சீட்டு அம்மா.

தம்பி ஓரங்கட்டினார். கம்பெனி வாசலுக்கு நாலு வீடுதான் இருந்தது. போச்சு, இறங்கி, பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார் என்று நினைத்தேன். சின்னவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று எழுந்தேன், வேன் கூரை இடித்தது.

“வாசல் வந்துட்டுல்ல? பாட்டு இன்னும் முடியல” என்றார் அந்த அம்மா, முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே. “முடிஞ்ச பொறவு போவோம்.”

இரண்டாவது கட்டு தொடங்கியபோது அவரும் தொடங்கினார். முதலில் உதட்டுக்குள்ளேதான். பொறவு கொஞ்சம் கொஞ்சமாக, குழாயைத் திறந்துவிட்ட மாதிரி குரல் வந்தது. அம்மாடி, என்ன குரல்! முழுச் சத்தத்தில் பாடுகிற ஸ்பீக்கரைத் தாண்டி அது தனியாகக் கேட்டது. உலக்கை விழுகிற இடத்தில் எல்லாம் முன்னால் இருந்த டேஷ்போர்டை ஓங்கி ஓங்கித் தட்டினார். செட்டின் திருகில் காய்ந்திருந்த சந்தனம் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசிக் கட்டில் நாங்கள் எல்லாருமே சேர்ந்துகொண்டோம். வார்த்தை தெரியாதவர்கள் உலக்கைக்குக் கை தட்டினோம். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பார்க்கட்டும்!

பாட்டு முடிந்ததும் அவர் திரும்பினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

“ஏட்டி, கொழாயத் தொறந்து வச்சுக்கிட்டுப் பாடுனாலும் வெளிய கேக்குமா?”

“கேக்கும் அத்தை” என்றாள் சின்னவள்.

“அப்ப அவியளுக்கும் கேட்டிருக்கும்லா?”

“கேட்டிருக்காது அத்தை. ஆச்சிக்குக் காது செத்த மந்தம்.”

அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! முகத்தில் மருந்துக்கும் சிரிப்பில்லை என்று சொன்னேனே, அது அவர் குணம் இல்லை, பழக்கம் என்று அப்போதுதான் தெரிந்தது. அடக்கி அடக்கி வைத்தது அத்தனையும் வந்தது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எங்களுக்கும் தொற்றிக்கொண்டது. தம்பி ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார், ஹாரன் அலறியது.

கம்பெனியில் பொங்கல் சாப்பிடும்போது அவரே சொன்னார். வேலைக்குப் போகக் கூடாது என்றது அவர் இல்லை. வீட்டில் இருக்கிற மாமியார். “நான் வாக்கப்பட்டு வந்த நாள்ல இருந்து அவிய சொன்னா சொன்னதுதான். என்னையும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகாதேன்னாவ, நானும் நின்னுட்டேன். நானே போயிப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்னு சொல்லிட்டுத்தான் இன்னைக்கு வந்தேன்” என்றார். சின்னவள் அவரைத் தன் மெஷினிடம் கூட்டிக்கொண்டு போய், துணி எப்படிச் சுருளும், எங்கே வெட்டும் என்று காட்டினாள். அவர் ஒரு சுருளைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லா இறுக்கமா சுருட்டியிருக்கா” என்று என்னிடம் சொன்னார். அந்தப் பெருமையைப் பார்த்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

“அப்ப திங்கக்கிழமை அனுப்புவீகல்ல மதினி?” என்றேன்.

முகம் மறுபடி இறுகிவிட்டது. “என் கையில என்ன இருக்கு? அவிய சம்மதிக்கணும்லா. நான் எதுத்து ஒரு வார்த்தை பேசினதில்லம்மா. எப்படிப் பேசுறதுன்னே தெரியாது” என்றார்.

திரும்பி வரும்போதும் அவருக்குத்தான் முன்சீட்டு. மேகக்காரி சட்டத்தை எடுத்துச் சொன்னாள். “முன்சீட்டுல உக்காந்தவியதான் அடுத்த வாரம் என்ன பாட்டுன்னு சொல்லணும் மதினி. யாரா இருந்தாலும் சட்டம் சட்டந்தான்.”

அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். மம்சாபுரம் விலக்கு வந்து, கதவைத் திறந்து, ஒரு காலைக் கீழே வைத்த பொறவுதான் வாயைத் திறந்தார்.

“எதுத்துப் பேசுற பாட்டாப் போடுங்க” என்றார்.

அந்த வாரக் கடைசி மாதிரி நீண்ட நாட்களை நான் பார்த்ததில்லை. எதிர்த்துப் பேசுகிற பாட்டு வந்து குவிந்தது. முதலாளியை எதிர்த்து, புருஷனை எதிர்த்து, சாமியையே எதிர்த்து. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின்னவளின் நம்பரிலிருந்தும் ஒரு பாட்டு வந்தது. வாய்ஸ் இல்லை. “அத்தை அனுப்பச் சொன்னாக” என்று மட்டும் போட்டிருந்தாள். “நாளைக்கு வருவியாட்டி?” என்று நான் கேட்டேன். பார்த்ததற்கு நீலக்கோடு விழுந்தது. பதில் இல்லை. மறுபடி கேட்டேன். மறுபடியும் நீலக்கோடு. எனக்குச் சோறு இறங்கவில்லை. “பாட்டுக்கா இம்புட்டுப் பதறுத?” என்றார் என் வீட்டுக்காரர். அவரை நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

திங்கட்கிழமை காலையில் மம்சாபுரம் விலக்கில் வேன் நின்றது. வாசலில் யாரும் இல்லை. கதவு சாத்தியிருந்தது. பஞ்சர் கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டார். தம்பி ஒரு ஹாரன் கொடுத்தார். கதவு திறக்கவில்லை. உள்ளே யாரோ உரத்துப் பேசுகிற சத்தம் மட்டும் கேட்டது, என்ன பேச்சு என்று தெரியவில்லை.

“நேரமாகுதுக்கா” என்றார் தம்பி.

“ஆகட்டும். அந்த அம்மா பாட்டைப் போடுங்க” என்றேன்.

போட்டார். மெதுவாகத்தான் போட்டார், காலை நேரம் பாருங்கள். ஒரு பெண் குரல், இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்கிற மாதிரி, ஏன் போகக் கூடாது, ஏன் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டே போகிற பாட்டு. முதல் கட்டு முடிந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் நின்றது. இரண்டாவது கட்டு பாதியில் கதவு படாரென்று திறந்தது.

சின்னவள் வந்தாள். தோளில் பை, கையில் தூக்குவாளி, தலை ஈரம்கூடக் காயவில்லை. அவளுக்குப் பின்னால் அவள் மாமியார் வாசற்படியில் வந்து நின்றார். உள்ளேயிருந்து ஒரு குரல் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. அவர் திரும்பவில்லை. ஒரு கையால் கதவை இன்னும் அகலமாகத் தள்ளித் திறந்து பிடித்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“தம்பி, சத்தத்தக் கூட்டி வையுங்க! உள்ள காது மந்தம்!”